ஒரு வாய்ச் சோறு, கடைசி வரைக்கும்

தரம் 11க்கு மனித சமிபாட்டுத் தொகுதி படிப்பிக்கிற ஆசிரியர்களிடம் எனக்கு ஒரேயொரு வேண்டுகோள்தான் இருக்கிறது. படத்தைக் கடைசியில் வரையுங்கள். பெரும்பாலான வகுப்புகளில் முதல் நாளே கரும்பலகையில் படம் ஏறிவிடும், பிள்ளைகள் கலர் பென்சிலால் ஈரலுக்கு மண்ணிறமும் பித்தப்பைக்குப் பச்சையும் தீட்டி, பக்கத்தில் கோடு இழுத்துப் பெயர் எழுதி, அடுத்த நாள் நொதியங்களின் அட்டவணையைப் பாடமாக்கி, அதற்கடுத்த நாள் கடந்தகால வினாத்தாளுக்குப் போய்விடுவார்கள். "பெயரிடுக" என்று கேட்டால் முழுப் புள்ளி எடுப்பார்கள். அதே பிள்ளையிடம் "காலையில சாப்பிட்ட புட்டு இப்ப எங்க நிக்குது?" என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பே முகட்டைப் பார்க்கும்.

நான் வன்னியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஆய்வுகூடம் எந்த நிலையில் இருக்கும் என்பது இங்கே படிப்பித்தவர்களுக்குத் தெரியும், அதைப்பற்றி எழுதத் தொடங்கினால் வேறு பதிவாகிவிடும். எங்கள் பிள்ளைகளிடம் இருக்கிற ஒன்று நகரத்துப் பிள்ளைகளிடம் குறைவு என்பதைத்தான் சொல்ல வேண்டும். இவர்கள் குடலைப் பார்த்திருக்கிறார்கள். குளத்து மீனை அறுத்துக் குடல் எடுத்துக் கழுவியிருக்கிறார்கள், வருசப்பிறப்புக்கோ தீபாவளிக்கோ ஊருக்குள் ஆடு வெட்டிப் பங்கு போடும்போது சுற்றி நின்று பார்த்திருக்கிறார்கள், வீட்டில் கோழி உரிக்கையில் தாய்க்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பாடப்புத்தகத்தைத் திறக்கும் முன்பே பாதிப் பாடம் அவர்களிடம் கிடக்கிறது. அதை வெளியே எடுக்காமல் ஒரு அச்சுப் படத்தை மேலே ஒட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால் நான் ஒரு வாய்ச் சோற்றோடு தொடங்குவேன். காலையில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்பேன். புட்டும் சம்பலும், பாணும் பருப்பும், இரவுச் சோற்றில் தண்ணி ஊத்தினது என்று வரும். ஒன்றிரண்டு பேர் பேசாமல் இருப்பார்கள், அவர்களைத் துருவிக் கேட்பதில்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு வாயை முடிவு செய்வோம். சோறு, கொஞ்சம் பருப்பு, ஒரு துண்டு குளத்து ஜப்பான் மீன் பொரியல், முருங்கை இலை வறை. இதற்குள் மாப்பொருள் இருக்கிறது, புரதம் இருக்கிறது, பொரித்த எண்ணெயில் கொழுப்பு இருக்கிறது, வறையில் நார் இருக்கிறது. இந்த நான்கும் எங்கே எங்கே பிரிந்து என்னென்ன ஆகிறது என்று பின்னால் போவதுதான் பாடம். கோடு இழுத்துப் பெயர் எழுதும் வேலை அதுவரைக்கும் கிடையாது.

வாயிலேயே நிறைய இருக்கிறது, அவசரப்பட வேண்டாம். ஒரு பிடி வெறும் சோற்றை விழுங்காமல் நன்றாக மெல்லச் சொன்னால் கொஞ்ச நேரத்தில் நாக்கில் மெல்லிய இனிப்பு தட்டும். உமிழ்நீரில் உள்ள அமிலேசு என்ற நொதியம் மாப்பொருளை உடைத்து இனிப்பான மோற்றோசு ஆக்கத் தொடங்கிவிட்டது. இதை வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள், செய்து காட்டினால்தான் நம்புவார்கள். அதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. காயத்துக்குப் பூசும் பொவிடோன் அயடீன் எந்தப் பாமசியிலும் கிடைக்கும், அதில் சில துளியை நிறையத் தண்ணீரில் கலந்தால் தேநீர் நிறத்துக்கு வரும், அது போதும். சோறு வடித்த கஞ்சியைத் தெளித்து எடுத்து அதையும் தண்ணீர் விட்டு ஐதாக்கிக் கொள்ளுங்கள். பிள்ளைகள் வாயைக் கொப்பளித்துவிட்டு, அவரவர் உமிழ்நீரை அவரவர் குழாயில் எடுக்க வேண்டும். முதலில் பெண்பிள்ளைகள் வெட்கப்படுவார்கள், ஒருவர் தொடங்கினால் மற்றவர்களும் செய்வார்கள்.

கஞ்சித் தண்ணியோடு உமிழ்நீரைக் கலந்து, வெள்ளை ஓட்டுத் துண்டிலோ வெள்ளைப் பீங்கானிலோ வரிசையாக அயடீன் துளிகள் வைத்து, ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு துளி எடுத்து அதில் விட வேண்டும். முதல் துளி கருநீலமாகப் போகும். அடுத்தது கொஞ்சம் மங்கும். பிறகு ஊதா, பிறகு செம்மண் நிறம், கடைசியில் அயடீனின் நிறம் அப்படியே இருக்கும், மாறாது. மாப்பொருள் முடிந்துவிட்டது. புத்தகத்தில் 37 பாகை வெப்பநிலையில் நீர்த்தொட்டி வைக்கச் சொல்லியிருக்கும். பங்குனி சித்திரையில் எங்கள் தகரக் கூரை வகுப்பறையில் குழாயைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தாலே போதும். இன்னொரு குழாயில் கொதிக்க வைத்து ஆறவிட்ட உமிழ்நீரை விடுங்கள், மூன்றாவது குழாயில் நாலு துளி வினாகிரி விடுங்கள். இரண்டிலும் கருநீலம் அசையாது. கொதித்ததில் நொதியம் குலைந்து போயிற்று, வினாகிரி விட்டதில் அமிலம் அதை நிறுத்திவிட்டது. இனி இரைப்பைக்குள் போனதும் அமிலேசுக்கு என்ன நடக்கும் என்று நீங்கள் கேட்க வேண்டியதே இல்லை, ஒரு பிள்ளை தானாகச் சொல்லும். நான் அதோடு ஒன்று சேர்த்துச் சொல்வேன்: விழுங்கிய கவளத்தின் உட்பக்கத்துக்கு அமிலம் உடனே ஊறிவிடாது, அதனால் உள்ளே இருக்கும் அமிலேசு இன்னும் கொஞ்ச நேரம் வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

விழுங்குவதை விளக்க எனக்கு எருமை மாடுதான் துணை. உணவு கீழே விழுந்துதான் இரைப்பைக்குப் போகிறது என்று அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் நினைக்கிறார்கள், வாய் மேலே வயிறு கீழே என்றபடியால் அப்படித் தோன்றுவது நியாயம்தான். சரி, குளத்துக் கட்டில் நின்று எருமை தண்ணி குடிக்கிறதைப் பார்த்திருக்கிறியளோ, தலை எங்க இருக்கு, வயிறு எங்க இருக்கு? தலையைத் தண்ணீர் மட்டத்துக்குக் குனிந்து குடிக்கிறது, தண்ணீர் மேல் நோக்கி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். அப்போது யார் தள்ளுகிறார்கள்? களத்தின் (உணவுக்குழாயின்) சுவரில் உள்ள வட்டத் தசை கவளத்துக்குப் பின்னால் சுருங்கி, முன்னால் தளர்ந்து, அலை அலையாகத் தள்ளிக்கொண்டு போகிறது. மனிதருக்கு அந்தக் குழாய் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர், கெட்டியான கவளம் அதைக் கடக்க ஏறக்குறைய 10 விநாடி. படுத்துக்கொண்டு சாப்பிட்டாலும் உள்ளே போகும், தலைகீழாக நின்றாலும் போகும், ஆனால் புரைக்கேறும், செய்து பார்க்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். புரைக்கேறுவது ஏன் என்று அந்த இடத்திலேயே மூச்சுக்குழல்வாய் மூடியைச் சொல்லிவிடலாம்.

இரைப்பைக்கு வந்தால் ஒரு திருத்தம் கட்டாயம் வேண்டும். ஐதரோக்குளோரிக் அமிலம் புரதத்தைச் சமிக்கச் செய்கிறது என்று வருசா வருசம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். அமிலம் புரதத்தின் மடிப்பைக் குலைக்கும், கிருமிகளைக் கொல்லும், செயலற்ற பெப்சினோஜனைப் பெப்சின் என்ற நொதியமாக்கும். புரதத்தை வெட்டுகிற வேலை பெப்சினுடையது. அதுவும் முழுவதும் வெட்டாது, துண்டாக்கும், மீதியைச் சிறுகுடல் பார்த்துக்கொள்ளும்.

இரைப்பைக்குள் நடப்பதை மனிதர் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற கதையை நான் விடுவதே இல்லை. 1822 யூன் 6ஆம் திகதி, வட அமெரிக்காவில் மக்கினாக் என்ற தீவில், தோல் வியாபாரக் கம்பனி ஒன்றில் வேலை செய்த அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்ற கனடியத் தொழிலாளிக்கு மிகக் கிட்டத்திலிருந்து துவக்குச் சூடு பட்டது. விலா உடைந்து, இரைப்பையில் ஓட்டை. பிழைக்க மாட்டார் என்று நினைத்தார்கள், பிழைத்தார். ஆனால் அந்த ஓட்டை மூடவில்லை, தோலோடு ஒட்டி ஒரு வாசலாகவே நின்றுவிட்டது. அவருக்கு வைத்தியம் பார்த்த இராணுவ வைத்தியர் வில்லியம் போமன்ட், 1825இல் பட்டு நூலில் இறைச்சித் துண்டு, பாண், கோவா எல்லாம் கட்டி அந்த ஓட்டை வழியாக உள்ளே இறக்கி, மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். இரைப்பைச் சாற்றை வெளியே எடுத்துப் போத்தலில் விட்டு, அதற்குள் இறைச்சியைப் போட்டு, வெளியிலும் அது கரைகிறது என்று காட்டினார். சமிபாடு வெறும் அரைத்தல் மாத்திரமில்லை, இரசாயனம் என்பது அப்படித்தான் ஐயம் இல்லாமல் நிறுவப்பட்டது. 1833இல் அவர் எல்லாவற்றையும் நூலாக வெளியிட்டார்.

வேறு ஊரில் இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் அருவருப்பார்கள் அல்லது சிரிப்பார்கள். எங்கள் வகுப்பில் அப்படி நடப்பதில்லை. போரில் பட்ட செல் (எறிகணை) துண்டை வயிற்றில் வைத்துக்கொண்டு வாழ்கிற ஒருவரைத் தெரியாத பிள்ளை இங்கே குறைவு. கதை முடிந்ததும் முதல் வருகிற கேள்வி இரைப்பைச் சாற்றைப் பற்றியதாக இருக்காது. "அந்த ஆளுக்கு நொந்திருக்காதோ சேர்?" "அவருக்குச் சம்பளம் குடுத்தவையோ?" "ஏலாது எண்டு சொல்லியிருக்கலாமோ?" என்றுதான் கேட்பார்கள். கொடுத்தார்கள், 1832இல் செய்த ஒப்பந்தப்படி சாப்பாடு தங்குமிடத்தோடு வருடத்துக்கு 150 டொலர். இடையில் அவர் கனடாவுக்குப் போய்விட்டார், கலியாணம் கட்டினார், பிள்ளைகள் பிறந்தன, திரும்பவும் கூப்பிட்டார்கள். கடைசியில் திரும்பி வர மறுத்துவிட்டார். 1880இல் அவர் இறந்தபோது, வைத்தியர்கள் உடலைக் கேட்டு வந்துவிடுவார்கள் என்று குடும்பத்தவர்கள் உடலை அழுகும்வரை வைத்திருந்து, ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள். இதைக் கேட்டுப் பிள்ளைகள் பேசாமல் இருப்பார்கள். இது பாடத்திட்டத்தில் இல்லை, பரீட்சைக்கு வராது, ஆனாலும் ஒரு பாடவேளையின் பாதியை இதற்குக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஒரு ஏழை மனிதனின் காயத்துக்குள் பார்த்துத்தான் இந்த அறிவு வந்தது என்பதை எங்கள் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது முன்சிறுகுடல். இங்கே கோழி வருகிறது. யாராவது ஒரு பிள்ளையின் வீட்டில் கோழி அடிக்கிற நாளைப் பார்த்து, உள்ளுடன் முழுவதையும் வெட்டாமல் எடுத்து வரச் சொல்வேன், வாழை இலையில் சுற்றி, பனிக்கட்டி இருந்தால் அதோடு. மேசையில் பத்திரிகை விரித்து, குடலை மெதுவாக நீட்டிக்கொண்டு போனால் எல்லாம் தானாகத் தெரியும். கோழிக்குப் பல் இல்லை, அதனால் சிறு கற்கள் நிறைந்த தடித்த தசைப் பை இருக்கிறது, அதை அறுத்தால் உள்ளே நெல்லும் மணலும். அதற்குப் பிறகு குடலின் முதல் வளைவு, அந்த வளைவுக்கு நடுவில் வெளிறிய ரோசாப்பூ நிறத்தில் நீட்டாக ஒன்று கிடக்கும், அதுதான் சதையி (கணையம்). ஈரலுக்கு அடியில் கரும்பச்சையாகப் பித்தப்பை. அந்த இடம் வந்ததும் பெண்பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில், "உடைச்சுப் போடாதேங்கோ சேர், கைக்கும்!" பித்தம் பட்ட ஈரலைச் சமைக்க முடியாது என்று அவர்களுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். பாடத்தில் வாய்க்குள் நுழையாத பெயராக நின்ற ஒன்று சட்டென்று சமையலறைக்கு வந்துவிடுகிறது.

உணவு ஈரலுக்குள்ளோ சதையிக்குள்ளோ போவதே இல்லை என்பதும் அந்த மேசையில்தான் புரியும். அச்சுப் படத்தில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதால் பிள்ளைகள் இரைப்பை, ஈரல், சதையி, சிறுகுடல் என்று ஒரு வரிசையைப் பாடமாக்கிக்கொள்கிறார்கள். குழாய் ஒன்றுதான். ஈரலும் சதையியும் பக்கத்தில் இருந்து சாற்றை உள்ளே விடுகிறவை. அதோடு பித்தத்தில் நொதியம் கிடையாது, இதை அடித்துச் சொல்லுங்கள். அது கொழுப்பைச் சின்னச் சின்னத் துளிகளாக்கும், வெட்டுவது சதையியிலிருந்து வரும் இலிப்பேசு என்ற நொதியம். ஒரு போத்தலில் தண்ணீரும் கொஞ்சம் தேங்காயெண்ணெயும் விட்டுக் குலுக்கினால் எண்ணெய் திரும்ப மேலே மிதக்கும், அதற்குள் கொஞ்சம் சவர்க்காரத் தண்ணி விட்டுக் குலுக்கினால் பாலாக நிற்கும். துளி சிறுக்கச் சிறுக்க மேற்பரப்பு கூடும், இலிப்பேசுக்கு நின்று வேலை செய்ய இடம் கிடைக்கும். எங்கள் வாயில் இருந்த மீன் பொரியலின் எண்ணெய்க்கு இதுதான் நடந்தது.

சிறுகுடலின் நீளத்தைச் சொல்லாதீர்கள், அளந்து காட்டுங்கள். மாடு கட்டும் கயிறு ஒன்றை மைதானத்தில் 6 மீற்றருக்கு நீட்டி, அதன் நுனியில் இன்னொரு ஒன்றரை மீற்றர் தடித்த கயிறு முடிந்து பெருங்குடல் என்று காட்டி, அப்புறம் முழுவதையும் சுருட்டி ஒரு பிள்ளையின் சட்டைக்கு முன்னால் பிடிக்கச் சொல்லுங்கள். 6 தொடக்கம் 7 மீற்றர் என்பது இறந்த உடலில் எடுத்த அளவு, உயிருள்ள உடலில் தசை இறுகியிருப்பதால் அதைவிடக் குறைவு. ஏன் இவ்வளவு நீளம் என்ற கேள்விக்கு நீளம் மட்டும் பதில் இல்லை. உட்சுவரில் மடிப்புகள், மடிப்பில் விரல் போன்ற சடைமுளைகள், சடைமுளையின் கலங்களில் இன்னும் நுண்ணிய சடைமுளைகள். இதற்கு மட்டும் வீட்டிலிருந்து ஒரு தேங்காய்ப்பூத் துவாயும் அதே அளவு சாதாரணச் சேலைத் துண்டும் கொண்டுவரச் சொல்வேன். கொட்டின தண்ணியில் இரண்டையும் போட்டால் எது கூட உறிஞ்சும் என்று வன்னியில் மட்டுமில்லை, எங்கேயும் எல்லாருக்கும் தெரியும்.

இங்கே ஒரு தகவல் பழசாகிவிட்டது. சிறுகுடலின் உட்பரப்பை விரித்தால் ஒரு ரெனிஸ் மைதானம் அளவு வரும் என்று நாங்கள் படித்தோம், இன்றும் பல குறிப்புப் புத்தகங்களில் அப்படியே இருக்கிறது. 2014இல் சுவீடனில் இரண்டு ஆய்வாளர்கள் திரும்ப அளந்தபோது முழு உணவுக்கால்வாயின் உட்பரப்பே ஏறத்தாழ 32 சதுர மீற்றர்தான் வந்தது, பட்மின்ரன் மைதானத்தில் பாதி. அதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் 32 சதுர மீற்றரைச் சோக்கால் மண்டபத்தில் கீறி அதற்குள் எல்லோரையும் நிற்க வைத்தால் ஏமாற்றம் போய்விடும். அவ்வளவும் ஒரு வயிற்றுக்குள்.

சமித்ததைக் குடற்சுவர் உள்ளே எடுக்கிற அகத்துறிஞ்சலில் நான் அதிக நேரம் நிற்பேன், அதற்குக் காரணம் ஜீவனிப் பைக்கற். வயிற்றோட்டம் வந்தால் உப்பும் சீனியும் சேர்ந்த அந்தத் தூளைக் கரைத்துக் கொடுக்க வேண்டும் என்று இங்கே எல்லா வீட்டுக்கும் தெரியும். உப்பு சரி, சீனி எதற்கு? "சத்துக்கு", "ருசிக்கு" என்று சொல்வார்கள். சிறுகுடற் சுவரின் கலத்தில் ஒரு வாசல் இருக்கிறது, அது குளுக்கோசும் சோடியமும் ஒன்றாக வந்தால்தான் உள்ளே விடும், அவை இரண்டும் போனால் தண்ணீர் அவற்றின் பின்னால் போகும். 1960இல் ரொபேர்ட் கிரேன் இதை முன்வைத்தார். வயிற்றோட்டக் கிருமி குடலைத் தண்ணீரை வெளியே கொட்ட வைத்தாலும் இந்த வாசல் மட்டும் பழுதாகாமல் இருக்கும். வெறும் தண்ணீரைக் குடித்தால் ஓடிப்போகும், உப்பும் குளுக்கோசும் அளவாகச் சேர்ந்தால் உள்ளே நிற்கும். 1971இல் வங்காளதேசப் போரில் அகதிகள் எல்லை தாண்டி வந்து குவிந்த, இந்தியாவின் மேற்கு வங்காளத்துப் பொங்கான் முகாமில் வாந்திபேதி. நாளத்தால் ஏற்றச் சேலைன் போதவில்லை. திலீப் மகாலனோபிஸ் என்ற வைத்தியர் உப்பையும் குளுக்கோசையும் கலந்து பெரிய பாத்திரங்களில் கரைத்து, கோப்பை கோப்பையாகக் குடிக்கக் கொடுக்க உறவினர்களிடமே விட்டுவிட்டார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த இறப்பு நூற்றுக்கு 4க்கும் கீழே இறங்கியது.

2009இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளத்துத் தறப்பாள் முகாம்களில் இருந்த சனத்தின் பிள்ளைகளுக்கு நான் இதைப் படிப்பிக்கிறேன். தண்ணீர் வரிசையையும் வயிற்றோட்டத்தையும் பற்றி அவர்களின் தாய்மார் சொல்லியிருப்பார்கள். முகாமில் ஒரு கோப்பை உப்புச் சீனித் தண்ணி என்ன செய்யும் என்பது எங்களுக்கு வெளிநாட்டுச் செய்தி இல்லை. அதனால் இந்த இடத்தில் கணக்கையும் செய்விப்பேன். இன்றைய உலக சுகாதார நிறுவனக் கலவையில் ஒரு லீற்றருக்குக் குளுக்கோசு 13.5 கிராம், சோடியம் குளோரைட்டு 2.6 கிராம், இவற்றோடு பொற்றாசியம் குளோரைட்டும் சித்திரேற்றும். பைக்கற்றில் பாதியைக் கொட்டி ஒரு தம்ளர் தண்ணியில் கலந்து குடிக்கிற பழக்கம் பல வீட்டில் இருக்கிறது, செறிவு கூடினால் அது குடலுக்குள் தண்ணீரை இன்னும் இழுக்கும், நோய் கூடும். ஒரு லீற்றர்ப் பைக்கற் என்றால் கொதித்தாறின ஒரு லீற்றர் தண்ணீர், அளந்து, ஒரு நாளுக்குள் குடித்து முடிக்க வேண்டும், மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும். இதைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொல்கிறார்கள், அது எனக்கு எந்தப் பரீட்சைப் பெறுபேற்றையும் விடப் பெரிது.

இனிப் பெருங்குடல். பெரும்பாலான ஆசிரியர்கள் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி, "மிகுதி கழிவாக வெளியேற்றப்படும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் மிகவும் மனவருத்தம். எங்கள் பிள்ளைகள் உண்மையில் அவதிப்படுகிற இடம் இதுதான். ஒரு நாளில் நாங்கள் குடிப்பது 2 லீற்றர் அளவு, அதற்கு மேல் உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தம், சதையிச் சாறு, குடற்சாறு என்று உடல் தானாகக் குடலுக்குள் விடுவது ஏறத்தாழ 7 லீற்றர். பெரும்பகுதியைச் சிறுகுடல் திரும்ப எடுத்துக்கொள்ளும், ஒன்றரை லீற்றர் அளவுதான் பெருங்குடலுக்கு வரும், அதிலும் 100 தொடக்கம் 200 மில்லிலீற்றர்தான் வெளியே போகும். மலம் எவ்வளவு நேரம் உள்ளே நிற்கிறதோ அவ்வளவு தண்ணீர் அதிலிருந்து இழுக்கப்படும். இதை அப்படியே சொல்லுங்கள். சாப்பிட்டதும் பெருங்குடல் அசையத் தொடங்குவது உடல் தானாகச் செய்கிற இயல்பான மறிவினை, அதனால்தான் காலைச் சாப்பாட்டோடு வெளிக்குப் போக வருகிறது. ஆறு மணிக்கு எழும்பி, கிடைத்ததை வாயில் போட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பிள்ளை அதை அடக்குகிறது. பள்ளிக்கூடத்து மலசலகூடத்துக்குப் போகப் பிடிக்காமல் பின்னேரம் வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று பெண் ஆசிரியைகளிடம் கேட்டுப் பாருங்கள். மலச்சிக்கல், மூலம், வயிற்று வலி எல்லாம் பதினாறு வயதில் வருகிறது. வறையில் இருந்த நாரை உடைக்க எங்களிடம் நொதியம் இல்லை, அது அப்படியே கடைசி வரை வந்து, தண்ணீரைப் பிடித்து வைத்து, மலத்தை இளக்குகிறது. கொஞ்சத்தைப் பெருங்குடல் பற்றீரியா நொதிக்க வைக்கும், அதனால் வாயு. வாயு என்றதும் வகுப்பு சிரிக்கும், சிரிக்கட்டும், சிரித்து முடிந்ததும் தொடருங்கள்.

இந்தப் பகுதியை வெட்கப்படாமல் நடத்திய பிறகுதான் பிள்ளைகள் தனியாக வந்து கேட்கத் தொடங்குவார்கள். ஒரு மாணவன் எல்லோரும் போனபிறகு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். மாமாவுக்குச் செல் பட்டு சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தவர்கள், கொஞ்ச நாள் வயிற்றில் பை வைத்து மலம் அதில்தான் போனது, இப்போது பை இல்லை, ஆனால் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு வைப்பதில்லை, அடிக்கடி களைப்பு, ஏன் என்று கேட்டான். எந்தத் துண்டு என்று தெரியாமல் காரணம் சொல்ல முடியாது என்று சொன்னேன். ஆனால் சிறுகுடலின் கடைசிப் பகுதியான சுருட்குடலில்தான் விற்றமின் பி12 உறிஞ்சப்படுகிறது, பித்த உப்புகளும் அங்கேதான் திரும்ப எடுக்கப்படுகின்றன, அந்தப் பகுதி போயிருந்தால் பி12 குறைந்து இரத்தச்சோகையும் களைப்பும் வரலாம், கொழுப்புச் சரியாகச் சமியாமல் வயிறு இளகலாம் என்று கயிற்றை எடுத்துக் காட்டினேன். வெட்டிய இடத்தை எழுதிய பழைய ஆஸ்பத்திரித் துண்டு இருந்தால் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய், பி12 பார்க்க வேணுமோ என்று கேட்கச் சொன்னேன், அதற்கு ஊசி இருக்கிறது. அவன் கொப்பியின் பின்பக்கத்தில் "சுருட்குடல், பி12" என்று எழுதிக்கொண்டு போனான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை அப்படி எழுத மாட்டாது.

இவ்வளவும் முடிந்த பிறகு வெறுந்தாளைக் கொடுத்து, புத்தகம் பார்க்காமல் படம் வரையச் சொல்வேன். அழகாக இருக்காது. ஆனால் சதையி சரியான வளைவுக்குள் இருக்கும், பித்தக்கான் சரியான இடத்தில் திறக்கும், குடல்வளரி வலப்பக்கம் கீழே இருக்கும், ஏனென்றால் அவர்கள் ஒரு வாய்ச் சோற்றின் பின்னால் அந்த வழி முழுக்க நடந்து வந்திருக்கிறார்கள். பெயரை அதற்குப் பிறகு எழுதினால் ஒரு பாடவேளை போதும். நேரம் எங்கே இருக்கிறது, பாடத்திட்டம் முடிய வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: அட்டவணையை மூன்று தடவை திருப்பிப் பாடமாக்க வைக்கிற நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கணக்குச் சரியாக வரும்.

இன்னுமொரு விசயம். இந்த அலகு நடக்கிற நாட்களில் ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும், பசிக்கும்போது வயிறு ஏன் சத்தம் போடுகிறது என்று. சாப்பாடு இல்லாதபோது, ஏறத்தாழ ஒன்றரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இரைப்பையிலிருந்து சிறுகுடலின் கடைசிவரை ஒரு பலமான சுருக்க அலை ஓடி, மிச்சம் மீதியைக் கூட்டித் தள்ளிக்கொண்டு போகும். வெறும் குழாயில் வாயுவும் நீரும் அசைவதால் சத்தம் கூடக் கேட்கும். இதைக் கேட்கிற பிள்ளை அநேகமாகக் காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை. அதனால் இந்தப் பாடத்தை மட்டும் இடைவேளைக்கு முன்னால் வைக்க வேண்டாம் என்று நேரசூசி போடுகிற ஆசிரியரிடம் கேட்டு மாற்றிக்கொள்வேன். முடியாத வருடத்தில் மெல்லுகிற செய்முறையை முதல் பாடவேளைக்கு எடுத்து, எல்லோருக்கும் போதுமான சோறு கட்டிக்கொண்டு போவேன். செய்முறைக்கு ஒரு பிடி போதும், மிச்சத்துக்குப் பருப்பும் சம்பலும் இருந்தால் நல்லது.